நான்கு கட்டம், எட்டு நாற்காலி

மொரீஷியஸில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு நிற்பவர் வேட்புமனுவில் பெயரும் முகவரியும் எழுதினால் மட்டும் போதாது. தான் எந்தச் சமூகம் என்றும் எழுத வேண்டும். அரசியலமைப்பின் முதல் அட்டவணை நான்கு சமூகங்களைத்தான் ஒப்புக்கொள்கிறது: இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியர், பொது மக்கள். வாழ்க்கை முறையைப் பார்த்து முதல் மூன்றில் சேர்க்க முடியாதவர்கள் எல்லோரும் நான்காவதில் அடங்குவார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் தமிழர் ‘இந்து’ கட்டத்துக்குள் போவார். அவருடைய சித்தப்பா வீட்டார் இரண்டு தலைமுறைக்கு முன்பே மாதா கோயிலுக்குப் போயிருந்தால் அவர்கள் ‘பொது மக்கள்’. தமிழர் என்று எழுத அங்கே இடமில்லை.

அதே ஆள் போர்ட் லூயி நகரசபைக்கோ தன் ஊர்க் கிராம சபைக்கோ நின்றால் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. சமூகக் கணக்கு இல்லாமலேதான் உள்ளாட்சித் தேர்தல்கள் நடக்கின்றன. ஒரே நாடு, ஒரே வாக்காளர், ஒரே தேர்தல் அலுவலகம். தேர்தல் சீர்திருத்தத்துக்காக உழைக்கும் உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் எடுத்துவைக்க வேண்டிய உண்மை இது. ‘சமூகம் கேட்காவிட்டால் நாடு சிதறிவிடும்’ என்பவர்களிடம் அவர் தன்னையே சாட்சியாகக் காட்டலாம். தான் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டோம் என்று சொன்னாலே போதும்.

எதைத் திருத்த வேண்டும் என்று பேசுவதற்கு முன் இருப்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 3 உறுப்பினர்கள். ரொட்ரிக்ஸ் என்ற சிறு தீவு 21ஆவது தொகுதி, அதற்கு 2 பேர். ஆக நேரடியாக 62 பேர். தீவில் ஒவ்வொரு வாக்காளரும் சரியாக மூன்று சிலுவைக் குறி போட வேண்டும். இரண்டு போட்டாலும் நான்கு போட்டாலும் சீட்டு செல்லாது. தனக்குப் பிடித்த ஒருவருக்கு மட்டும் குறி போட்டுவிட்டுத் திரும்பும் வயதானவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாக்கு எண்ணும் மேசையில் தனியே ஒதுக்கப்படும். பிரசாரத்துக்குப் போகிறவர் மாதிரிச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று குறி போடுவதை வீட்டு வாசலிலேயே செய்துகாட்டுவது நல்லது. வாயால் சொன்னது வாக்குச்சாவடிக்குள் மறந்துபோகும். விரலால் போட்டுப் பார்த்தது மறக்காது.

மூன்று குறியையும் ஒரே அணிக்குப் போடுவதை இங்கே ‘வோட் ப்ளோக்’ என்பார்கள். பிரித்துப் போடுவதற்குப் பெயர் ‘கூப்பே த்ராஞ்சே’. பெரும்பாலானோர் ப்ளோக் போடுவதால்தான் முடிவுகள் ஒரேயடியாகச் சாய்கின்றன. 1982இல் 60க்கு 60, 1995இல் மறுபடி 60க்கு 60, 2024 நவம்பரில் மூன்றாவது முறை. இந்த மூன்று தேர்தல்களிலும் வென்ற அணி வாங்கிய வாக்கு மூன்றில் இரண்டு பங்கைத் தொடவில்லை. 2024இல் தோற்ற பெரிய அணிக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தும் தீவில் நேரடி இடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதன் மறுபக்கம் 2019. வென்ற அணி 100க்கு 37 வாக்கு வாங்கி 62இல் 38 இடங்களைப் பிடித்தது. அப்போது எதிரணிகள் சிதறி நின்றன. இதே தேர்தல் முறை ஒரு தடவை பெரும்பான்மையை ஊதிப் பெருக்குகிறது, அடுத்த தடவை சிறுபான்மையைப் பெரும்பான்மை ஆக்குகிறது.

தொகுதிகளின் அளவிலும் நியாயம் இல்லை. மூன்றாம் எண் தொகுதியான போர்ட் லூயி மாரிட்டைம்-போர்ட் லூயி கிழக்கில் சுமார் 22 ஆயிரம் வாக்காளர்கள். பதினான்காம் எண்ணான சவான்-பிளாக் ரிவரில் 60 ஆயிரத்துக்கு மேல். இரண்டுக்கும் மூன்று மூன்று உறுப்பினர்கள். ஒருவருடைய வாக்கு இன்னொருவருடைய வாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனம்தான் என்பதை எந்தக் கூட்டத்திலும் சொல்லலாம், எல்லோருக்கும் உடனே புரியும். பெஸ்ட் லூசரை விளக்கத்தான் நேரம் பிடிக்கும்.

பெஸ்ட் லூசர் என்பது, நான்கு சமூகங்களில் இடம் குறைந்ததற்கு ஈடு கட்ட, தோற்றவர்களில் முன்னால் நிற்பவர்களுக்குக் கொடுக்கப்படும் 8 கூடுதல் நாற்காலிகள். வேட்புமனு சமூகத்தைக் கேட்பது இதற்காகத்தான். சுதந்திரத்துக்கு முன் 1966இல் பான்வெல் ஆணையம் மூன்று உறுப்பினர் தொகுதிகளை வகுத்தது. தேர்தல் முடிவின் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யக் கூடுதல் இடங்கள் தரும் ஆணையத்தின் யோசனை எதிர்ப்பைக் கிளப்பியதால், லண்டனிலிருந்து வந்த பிரிட்டிஷ் துணை அமைச்சர் ஜான் ஸ்டோன்ஹவுஸ் சமரசம் பேசி இந்த எட்டை முடிவு செய்தார். 1967 ஆகஸ்ட் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. சிறுபான்மையினர் பயந்திருந்த காலம் அது. அந்தப் பயம் பொய்யல்ல. சீர்திருத்தம் பேசுகிறவர் இதைக் கேலி செய்யத் தொடங்கினால் அத்தோடு ஆட்களை இழந்துவிடுவார்.

கணக்கு இப்படி நடக்கும். ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அந்தச் சமூகத்தின் மக்கள்தொகையை எழுதுங்கள். அதற்கு 1972ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைத்தான் எடுக்க வேண்டும். ஏன் 1972 என்பது பின்னால் வரும். முழு எண்ணாக்கினால் இந்து 4,28,000, பொது மக்கள் 2,61,000, முஸ்லிம் 1,37,000, சீன-மொரீஷியர் 24,000. தேர்தலில் ஒவ்வொரு சமூகத்துக்கும் எத்தனை இடம் கிடைத்ததோ அதோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணால் மக்கள்தொகையை வகுங்கள். ஈவு எதில் அதிகமோ அந்தச் சமூகத்துக்கு முதல் நாற்காலி.

கணக்குக்காக மட்டும் ஒரு முடிவைக் கற்பனை செய்வோம்: இந்து 37, பொது மக்கள் 15, முஸ்லிம் 8, சீன-மொரீஷியர் 2. மொத்தம் 62. வகுத்தால் இந்துவுக்கு 4,28,000ஐ 38ஆல், அதாவது சுமார் 11,263. பொது மக்களுக்கு 2,61,000ஐ 16ஆல், 16,312. முஸ்லிமுக்கு 1,37,000ஐ 9ஆல், 15,222. சீன-மொரீஷியருக்கு 24,000ஐ 3ஆல், 8,000. முதல் நாற்காலி பொது மக்களுக்கு. இப்போது அவர்களிடம் 16 இடம். ஆகவே அடுத்த முறை 17ஆல் வகுக்க வேண்டும்: 15,353. முஸ்லிமின் 15,222ஐவிட 131 கூட. இரண்டாவதும் பொது மக்களுக்கே. மறுபடி 18ஆல் வகுத்தால் 14,500. மூன்றாவது முஸ்லிமுக்கு. அவர்கள் எண் 13,700க்கு இறங்கிவிடும். நான்காவது மீண்டும் பொது மக்களுக்கு.

அந்த 131ஐக் கவனியுங்கள். 1972க்குப் பின் எந்தச் சமூகம் எவ்வளவு கூடியது, குறைந்தது என்பது இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய எண்ணில் இவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம்பி ஒருவர் நாடாளுமன்றத்துக்குள் போகிறார், இன்னொருவர் வீட்டுக்குப் போகிறார்.

சமூகம் முடிவானதும் ஆளைத் தேட வேண்டும். அந்தச் சமூகத்தில் தோற்றவர்களில் தன் தொகுதியில் அதிக விழுக்காடு வாங்கியவர் யாரோ அவர். வாக்கு எண்ணிக்கையை எடுத்தால் சிறிய தொகுதிக்காரர் என்றைக்கும் வர முடியாது என்பதால் விழுக்காடு. கட்சி சார்ந்தவராக இருக்க வேண்டும், சுயேச்சைக்கு இடமில்லை. முதல் நான்கு நாற்காலிகளுக்கு எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. இரண்டாவது நான்குதான் பலரைக் குழப்புவது. முதல் நான்கில் வென்ற கட்சிக்கு வெளியே எத்தனை போனதோ, அத்தனை இரண்டாவது நான்கிலிருந்து வென்ற கட்சிக்குத் திருப்பித் தரப்படும். சமூக ஈடு கட்டும்போது கட்சிப் பலம் மாறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தீவில் 60ஐயும் ஒரே அணி வென்றுவிட்டால் அந்த அணியில் தோற்றவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள், கொடுக்க ஆள் கிடையாது. 1982இலும் 1995இலும் எட்டில் நான்கே நிரம்பி, சபை 66 பேரோடு நின்றதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கில் தமிழருக்கு என்ன? இந்துக் கட்டத்தில் நேரடி இடங்கள் நிறைய வந்துவிடுவதால் ஈவு கீழேயே கிடக்கும். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் தமிழ் வேட்பாளர் நூலிழையில் தோற்றாலும் பெஸ்ட் லூசராக மேலே வருவது அரிது. தமிழருக்கு இந்த முறை பாதுகாப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் தாளில் ஒருமுறை வகுத்துப் பார்த்திருந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். நடைமுறையில் தமிழருக்கு வழி வேறு. ரோஸ் ஹில் பக்கம் பத்தொன்பதாம் எண் தொகுதி போன்ற இடங்களில் கட்சிகள் மூவரில் ஒருவராகத் தமிழரை நிறுத்தும். கட்சித் தலைமை மனம் வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதை உரிமை என்று சொல்ல முடியாது.

சரி, ஏன் 1972? அதற்குப் பிறகு வந்த கணக்கெடுப்புகளில் சமூகம் எது என்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள். மக்களைச் சமூகமாக எண்ணுவது வேண்டாம் என்று நாடு முடிவு செய்தது, ஆனால் வேட்பாளர் மட்டும் சமூகத்தைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் அப்படியே நின்றது. இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தெர்நாதிவ் இயக்கத்தார் வேட்புமனுவில் சமூகத்தை எழுத மறுத்தார்கள். மனுக்கள் தள்ளப்பட்டன. நீதிமன்றம் போனார்கள், பிறகு ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2012இல் அந்தக் குழு, சமூகங்களின் இன்றைய எண்ணிக்கை கையில் இல்லாமல் வேட்பாளரைக் கட்டாயமாக வகைப்படுத்துவது தன்னிச்சையானது, தேர்தலில் நிற்கும் உரிமையை மீறுகிறது என்றது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகமாகச் சட்டத்தைத் திருத்தி, சமூகம் சொல்லாமலும் நிற்கலாம் என்றார்கள். 2019இல் பழைய விதி திரும்பி வந்தது.

‘அப்படியானால் கணக்கெடுப்பில் மறுபடி சமூகத்தைக் கேட்டுவிடலாமே’ என்று சிலர் சொல்வார்கள். அது இன்னும் பெரிய கேடு. கதவைத் தட்டி ‘கி தோ கொமினொத்தே?’ (உன் சமூகம் எது?) என்று அரசாங்கம் கேட்கத் தொடங்கினால், ஒவ்வொரு சங்கமும் தன் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டக் கிளம்பும். தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லோரும் தனித்தனிக் கட்டம் கேட்பார்கள். 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது எழுந்த கொதிப்பையும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதையும் நினைவில் வைத்திருப்பவர்கள் இதைச் சுலபமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாற்று யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம் 2002இலேயே தெளிவான வழியைக் காட்டியது: 62 நேரடி இடங்கள் அப்படியே இருக்கட்டும், கட்சிப் பட்டியலிலிருந்து 30 பேரை விகிதாசாரத்தை ஈடுகட்டுவது போலச் சேர்க்கலாம், 100க்கு 10 வாக்கு வாங்காத கட்சிக்குப் பட்டியல் இடம் கிடையாது. பத்து என்பது அதிகம் என்பது என் கருத்து. புதிதாக முளைக்கும் கட்சி அதைத் தாண்டுவது கடினம். ஆனாலும் இன்றிருப்பதைவிட எவ்வளவோ மேல். பிறகும் அறிக்கைகள் வந்தன. 2018 டிசம்பரில் ஒரு திருத்த மசோதாவும் வந்து பாதியில் நின்றது.

எல்லாம் நிற்பது ஒரே படியில்தான். முதல் அட்டவணையை மாற்ற மொத்த உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். 70 பேர் சபையில் அது 53. சாதாரணமாக வெல்லும் அணிக்கு அவ்வளவு இருக்காது, எதிர்க்கட்சியின் தயவு தேவை. 60க்கு 60 வென்ற அணிக்கு அது தாராளமாக இருக்கும். ஆனால் தன்னை 60க்கு 60 ஆக்கிய முறையை மாற்ற அதற்கு என்ன அவசரம்? ஆகவே வேலையைத் தேர்தல் முடிந்த மறுநாளே தொடங்க வேண்டும். வாக்குறுதி கொடுத்த ஒவ்வொரு உறுப்பினரிடமும் கையெழுத்திட்ட ஒரு வரி வாங்கி வைத்திருப்பவருக்கு நான்காவது ஆண்டில் அது பயன்படும். மேடையில் கேட்ட கைதட்டலால் ஒரு பயனும் இல்லை.

உள்ளாட்சியிலிருந்து எடுத்துக்காட்ட இன்னொன்றும் இருக்கிறது: பெண்கள். 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், நகரசபைக்கு ஓர் அணி நிறுத்தும் வேட்பாளரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பாலினத்தவர் இருக்கக் கூடாது என்றது. போர்ட் லூயியில் 8 வார்டு, வார்டுக்கு 4 பேர், ஆக 32. முழு அணி நிறுத்தினால் ஆண்கள் 21க்கு மேல் கூடாது, 11 பெண்களாவது வேண்டும். போ பாசாங்-ரோஸ் ஹில்லிலும் வக்கோவா-ஃபீனிக்ஸிலும் 24க்கு 8 பெண்கள். காத்ர் போர்னிலும் கியூர்பிப்பிலும் 20க்கு 7. அதற்கு முன் உள்ளாட்சி உறுப்பினரில் பெண்கள் 100க்கு 6 பேர் அளவில்தான் இருந்தார்கள். 2012 தேர்தலுக்குப் பின் 26 ஆனது. அரசியலமைப்பையும் அதற்கேற்பத் திருத்தினார்கள். திருத்த முடியாது என்று இந்த நாட்டில் எதையும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு திருத்தமே போதும். விதி வேட்பாளருக்கு மட்டும்தான், இடத்துக்கு அல்ல. ஆகவே பெண்களை வெல்ல முடியாத வார்டுகளில் தள்ளிவிடும் தந்திரத்தைப் பட்டியல் போடும் அறையிலேயே இருந்து தடுக்க வேண்டும்.

உள்ளாட்சியின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டுக் காலத்தை அரசியலமைப்பு பலமாகக் காக்கிறது. நகரசபையின் ஆறாண்டுக்கு அந்தக் காவல் இல்லாததால், சாதாரணப் பெரும்பான்மையால் தள்ளிப்போட முடிந்தது. 2015 ஜூனில் நடந்த நகரசபைத் தேர்தல் அடுத்து நடந்தது 2025 மே 4 அன்று. ஆறு ஆண்டுக்கு வாக்கு வாங்கியவர்கள் பத்தாண்டை எட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நகரங்களிலும் இருபத்தேழு வயதை எட்டியும் ஒருமுறைகூட நகரசபைத் தேர்தலில் வாக்களிக்காத இளைஞர்கள் இருந்தார்கள். சீர்திருத்தம் பேசுகிறவர்கள் பெஸ்ட் லூசரைப் பற்றி எழுதிய அளவுக்கு இதைப் பற்றி எழுதவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. தேதியே இல்லாத தேர்தலில் எந்த முறை நல்லது என்று பேசி என்ன பயன்?

உள்ளாட்சி உறுப்பினரின் அன்றாடம் வடிகாலும் விளக்கும்தான். அதில் தேறாதவர் சீர்திருத்தம் பேசினால் தெருவில் கேட்க ஆள் இருக்காது. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து மழை என்றால் முதல் தொலைபேசி உறுப்பினருக்குத்தான். யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் எழுதினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும். ‘ஏ’, ‘பி’ என்று எண்ணிட்ட சாலைகள் சாலை மேம்பாட்டு ஆணையத்துடையவை. உட்சாலைகளும் தெருவிளக்கும் குப்பையும் சபையுடையவை. குடிநீர்க் குழாய் மத்திய நீர் ஆணையத்துடையது, கழிவுநீர் அதற்கான ஆணையத்துடையது. பெரிய வடிகால் வேலைகளைத் தேசிய மேம்பாட்டுப் பிரிவு செய்யும், 2017இல் அதற்கென நில வடிகால் ஆணையம் வேறு வந்தது. போய்ப் பார்க்கும்போது சாலை எண், அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண், வடிகாலின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், இரும்பு மூடி இருக்கிறதா, எது அடைத்திருக்கிறது, எல்லாவற்றையும் எழுதிப் படம் எடுக்க வேண்டும். பெரும்பாலும் மூடியின் கம்பிகளில் தென்னோலையும் பாட்டிலும் சேர்ந்து, அதன்மேல் வண்டல் படிந்து, தண்ணீர் உள்ளே போகாமல் சாலைமீது ஓடியிருக்கும். ‘வடிகால் சிறியது’ என்று எழுதினால் அடுத்த வரவுசெலவுத் திட்டம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ‘மூடி அடைத்திருக்கிறது’ என்று எழுதினால் அந்த வாரமே ஆள் வர வாய்ப்புண்டு.

இதற்கும் வாக்கு முறைக்கும் தொடர்பு உண்டு. வார்டில் நான்கு பேர், ப்ளோக் வாக்கு, ஆகவே சபையில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே அணி. கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்று சபையில் எழுந்து கேட்க எதிரே ஆள் இல்லை. சொந்த அணிக்காரர் கேட்டால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது. கிராம சபையில் 9 பேர், அவர்களில் ஒருவர் மாவட்ட சபைக்குப் போவார், நாட்டில் இப்படி 130 கிராம சபைகள். அங்கே கட்சிச் சாயம் குறைவு, கேள்வியும் கொஞ்சம் தாராளமாக வரும்.

ஆகவே சீர்திருத்தத்தைச் சபைக்குள் கொண்டுபோக விரும்பும் உறுப்பினர் பெரிய தீர்மானத்தில் தொடங்கக் கூடாது. ‘பெஸ்ட் லூசரை ஒழி’ என்று கொண்டுவந்தால், சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். சபைக்கு உட்பட்டதைக் கேளுங்கள்: குழுக்கூட்டக் குறிப்புகளை நூலகத்தில் வையுங்கள், ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் யார் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு பதியுங்கள், அடுத்த உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்று அமைச்சுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புங்கள். தீர்மான வாசகத்தை எழுத்தில் முன்கூட்டியே தலைமை நிர்வாகியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாக எழுப்பியது குறிப்பில் ஏறாது. வழிமொழிய ஒருவரை முதல் நாளே பேசி வைத்திருக்க வேண்டும், கடைசி நிமிடத்தில் கை தூக்கப் பலர் தயங்குவார்கள். தோற்றாலும் பரவாயில்லை, எதிர்த்தவர் பெயர் பதிவாகியிருக்கும்.

மாலையில் ஊர் மண்டபத்திலோ கோயில் வளாகத்திலோ பதினைந்து பேர் கூடினால் அந்தத் தாளை எடுங்கள். நான்கு கட்டங்களை நீங்கள் நிரப்பாதீர்கள். அவர்களிடம் கொடுத்து, கடந்த தேர்தலில் தங்கள் தொகுதியில் வென்ற மூவரை வைத்து அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். யாரை எந்தக் கட்டத்தில் போடுவது என்ற சண்டை இரண்டாவது பெயரிலேயே வந்துவிடும். கலப்புத் திருமணத்தில் பிறந்த ஒரு வேட்பாளர் போதும், அரைமணி நேரம் வாதம் நடக்கும். வகுத்தல் கணக்குக்கு அன்றைக்குப் போக முடியாமல் போனாலும் போகட்டும். தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள்.